விழாத நிழல்: தஞ்சைப் பெரிய கோயிலும் ஒரு சிறுபருவ நம்பிக்கையும்

1. நிழலில் உட்கார்ந்து கேட்ட கதை

ஐந்தாம் வகுப்பில், பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, எங்களைப் பள்ளிச் சுற்றுலாவாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார்கள். பெரிய கோயிலைச் சுற்றிப் பார்த்து முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. தரை கொதித்தது. விமானத்தின் வடக்குப் பக்கத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்து வரிசையாக உட்காரவைத்துப் புளியோதரைப் பொட்டலங்களைக் கொடுத்தார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆசிரியர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அப்படிக் கட்டியிருக்காங்க."

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே அந்த விமானத்தின் நிழல்தான் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அன்று ஊர் திரும்பியதும் அம்மாவிடம் முதலில் சொன்னது நிழல் விழாத அதிசயத்தைத்தான். நந்தியையோ ஓவியங்களையோ பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

கண்ணெதிரே, காலடியில் கிடந்த ஒன்றை, கேட்ட சொல் எப்படி இல்லாமலாக்கியது? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

2. கேள்வியும் இதுவரை கிடைத்த விடைகளும்

பெரிய கோயிலின் நிழல் பற்றிய நம்பிக்கை தமிழ்நாட்டில் வளர்ந்த ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்ததே. வீட்டுப் பெரியவர்கள், ஆசிரியர்கள், வழிகாட்டிகள், பொதுஅறிவு வினா விடைப் புத்தகங்கள், இப்போது வாட்ஸ்அப் என்று வாயும் வழியும் மாறினாலும் வாக்கியம் மாறவில்லை. இதைப் பற்றிப் பேசுகிறவர்களை மூன்று தரப்பாகப் பிரிக்கலாம்.

முதல் தரப்பு, இது வெறும் கட்டுக்கதை, நிழல் விழுகிறது, ஒளிப்படமே சாட்சி என்று சொல்லி நிறுத்திவிடும். சொல்வது சரி, ஆனால் ஒரு பொய் இத்தனை காலம் ஏன் உயிரோடு இருக்கிறது என்று அது கேட்பதில்லை. இரண்டாம் தரப்பு, அடி அகன்று நுனி குறுகும் வடிவத்தால் நண்பகலில் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதைத்தான் முன்னோர் சொன்னார்கள் என்று விளக்கம் தரும். இதில் உண்மையின் ஒரு பங்கு இருக்கிறது. மூன்றாம் தரப்புக்கு இது இனப்பெருமிதத்தின் வெளிப்பாடு: சோழர் நினைவு அரசியல் அடையாளமான இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய கதைகள் பெருகின என்று அது வாதிடும். அதிலும் பொருள் உண்டு. ஆனால் பெருமிதம் மட்டுமே காரணம் என்றால், அதைவிடப் பெருமைக்குரிய, மெய்யான செய்திகள் அதே கோயிலின் சுவர்களில் கொட்டிக் கிடக்கின்றனவே! அவற்றில் ஒன்றுகூட ஒரு பத்து வயதுப் பிள்ளையின் வாயில் ஏறவில்லை. நிழல் மட்டும் ஏறியது. அதற்குக் காரணத்தைக் கதையின் உள்ளமைப்பிலேயே தேட வேண்டும் என்பது என் கருத்து.

3. படமாக வந்த கோயில்

ஒரு புகழ்பெற்ற கட்டடம் குழந்தையிடம் கட்டடமாக வருவதில்லை. முதலில் படமாக வருகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு முதல் கோபுரம் எது என்று கேட்டால், பெரும்பாலும் அது பாடநூலிலும் அரசுப் பேருந்திலும் குடும்ப அட்டையிலும் கண்ட அரசு முத்திரைக் கோபுரம்தான். அதை ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பலரும் சொல்வார்கள். மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரமே என்ற வாதமும் உண்டு. எந்த ஊர்க் கோபுரம் என்று தெரியாமலேயே அதை அடையாளம் காணப் பிள்ளை பழகிவிடுகிறது. ஊரும் அளவும் சூழலும் உதிர்ந்துபோய், வெட்டவெளியில் நிற்கும் ஒரு வடிவம் மட்டும் மிஞ்சுகிறது.

தஞ்சை விமானமும் அப்படித்தான் வந்தது. ரிசர்வ் வங்கி 1954இல் வெளியிட்ட ஆயிரம் ரூபாய்த் தாளில் அது இருந்தது. 1978இல் அந்தத் தாள் செல்லாததாக்கப்படும்வரை அதைக் கையில் தொட்டுப் பார்த்த சாதாரணக் குடும்பங்கள் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். நாள்காட்டியும் பாடநூலும்தான் அதைக் கூரை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தன. 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வந்த 'ராஜராஜ சோழன்', தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக, கோயிலையும் அரசனையும் அகன்ற திரையில் சேர்த்து வைத்தது. அதற்கு முன்பே, 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' மணியத்தின் சித்திரங்களோடு ஒரு சோழ உலகத்தைத் தந்திருந்தது. அந்த நாவலின் காலத்தில் பெரிய கோயில் கட்டப்படவே இல்லை. ஆனாலும் அதைப் படித்து வளர்ந்த எத்தனையோ பேரின் மனத்தில் அதன் நாயகன் வந்தியத்தேவனின் குதிரை அந்த விமானத்தைக் கடந்தே போகிறது. என் மனத்திலும் அப்படித்தான்.

இந்தப் படங்களில் எதிலும் விமானத்தின் நிழல் முக்கியமாக இடம்பெறுவதில்லை. அச்சுப் படம் விமானத்தைத் தரையிலிருந்து பிரித்து வானத்தில் ஒட்டவைத்தது. முத்திரையில் தரையே இல்லை. நிழலற்ற கோயிலைப் பிள்ளைகளின் மனம் எளிதாக ஏற்றதற்கு, அவர்கள் முதலில் கண்ட கோயில் உண்மையிலேயே நிழலில்லாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1941இல் கிறித்தவர்களின் புனித பூமியைப் பற்றி எழுதிய நூலில், யாத்திரிகர்கள் அங்குள்ள நிலத்தைக் காண்பதற்கு முன்பே தங்கள் ஊரில் அதைக் கற்பனையில் கட்டி முடித்திருந்தார்கள் என்றும், போன இடத்தில் அந்தக் கற்பனையையே தேடிக் கண்டார்கள் என்றும் காட்டுகிறார். ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவும் சிறிய அளவில் ஒரு யாத்திரைதான். நாங்கள் எதைக் காண வேண்டும் என்பது பேருந்து ஏறும்போதே முடிவாகியிருந்தது.

4. உச்சி வெயிலின் கணக்கு

இரண்டாம் தரப்பின் விளக்கத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அதைப் பாதியில் விட்டுவிடுவதால்தான் குழப்பம் நீடிக்கிறது.

விமானத்தின் உயரத்தை 216 அடி என்று சொல்வது வழக்கம். யுனெஸ்கோ குறிப்புகள் 61 மீட்டர் என்கின்றன. எளிமைக்காக 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடித்தளம் பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர். ஆகவே நடுவிலிருந்து விளிம்புக்கு 15 மீட்டர். உச்சியின் நிழல் இந்த விளிம்பைத் தாண்ட வேண்டுமானால், சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து சுமார் 14 பாகைக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 25ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் அந்த ஊரின் நேர் உச்சியில் நிற்கும்; அந்த இரு நாட்களில் நட்டுவைத்த எந்தக் கம்புக்கும் நிழல் இராது. ஜூன் கடைசியில் சூரியன் வடக்கே மிகத் தொலைவுக்குப் போகும்போதும் சாய்வு 12.6 பாகைதான், உச்சியின் நிழல் நடுவிலிருந்து 13 மீட்டர் சொச்சம் விலகும், விளிம்பைத் தாண்டாது. இந்தக் கணக்கின்படி, மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை, சரியான நண்பகல் வேளையில், விமானத்தின் உச்சி நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கீழ்ச்சுவரின் நிழல் ஓரத்தில் சற்று எட்டிப்பார்க்கலாம். தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு அது பெரிதாகப் படாது.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய், உச்சி வேளையில் கோயிலுக்குள் நின்ற ஒருவர், "நிழலே காணோமே" என்று வியந்திருந்தால் அந்த வியப்பு பொய்யல்ல. ஒரு நல்ல கண்ணின் பதிவு அது. அந்தப் பதிவிலிருந்து 'கோடையில்', 'நண்பகலில்', 'உச்சியின்' என்ற மூன்று சொற்களும் உதிர்ந்துபோனதுதான் சிக்கல்.

அந்தச் சொற்களைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் மீதி நாளில் நடப்பது தெரியும். பங்குனியில் ஒரு காலை ஒன்பது மணிக்கு நிழல் எழுபது மீட்டருக்கு மேல் நீண்டு, மேற்குத் திருச்சுற்று மாளிகையின் மேல் ஏறி நிற்கும். மாலையில் கிழக்கே திரும்பி நந்தி மண்டபத்தை நோக்கி நீளும். டிசம்பர் கடைசியில் நண்பகலிலேயே சூரியன் 34 பாகை தெற்கே சாய்ந்திருப்பதால், உச்சியின் நிழல் நடுவிலிருந்து 41 மீட்டர் வடக்கே விழும். விளிம்பைத் தாண்டி 26 மீட்டர். ஜனவரியில் நாங்கள் முப்பது நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட இடம் தந்தது அந்த நீளம்தான்.

மேலும், அடி அகன்று நுனி குறுகும் எந்தக் கட்டடத்துக்கும் கோடை நண்பகலில் ஓரளவுக்கு இது நேரும். வெப்ப மண்டலத்தில் ஒரு நெற்போருக்கும் நேரும். நிழலுக்காகவே திட்டமிட்டுக் கட்டினார்கள் என்பதற்குச் சான்று வேண்டுமானால் கோயிலின் கல்வெட்டுகளில்தான் தேட வேண்டும். விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்றுகூடக் கணக்கு எழுதிவைத்த அந்தக் கல்வெட்டுகள் நிழலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இத்தனை சிறு செலவையும் மறக்காத அரசன் இத்தனை பெரிய சாதனையை எழுத மறந்திருப்பானா?

5. நிழலின்மை என்னும் தெய்வக் குறி

வானியல் கதையின் விதையை மட்டும் காட்டும். அந்த விதை முளைத்த மண் வேறு.

மகாபாரதத்தின் நளன் கதையில், சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருவெடுத்து வந்து நிற்கும் தேவர்களிடமிருந்து மானிட நளனைத் தமயந்தி பிரித்தறிகிறாள். தேவர்களுக்கு இமை கொட்டாது, கால் தரையில் பாவாது, மாலை வாடாது, நிழல் விழாது. நளனுக்கு நிழல் இருந்தது. அதனால் அவன் மனிதன். இந்தக் கதையைக் கூத்திலும் பாட்டியின் வாயிலும் கேட்டு வளர்ந்த சமூகத்தில், நிழல் விழாது என்ற சொல்லுக்கு இது மண்ணைச் சேர்ந்ததல்ல என்றே பொருள். விமானத்துக்கு நிழல் இல்லை என்று சொல்வது, சொல்கிறவருக்கே தெரியாமல், அக்கட்டடத்தைத் தேவர் வரிசையில் சேர்த்துவிடுகிறது.

இதோடு தக்ஷிணமேரு என்ற பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம். இக்கோயிலின் இறைவன் திருமேனி ஒன்றுக்குக் கல்வெட்டுகள் தக்ஷிணமேரு விடங்கர் என்று பெயர் தருகின்றன. சூரியனும் சந்திரனும் வலம்வரும் மலை மேரு. அந்த மலையைத் தெற்கே நட்டுவைத்ததாகக் கருதினால், நிழலின்மை அதன் இயல்பு என்று சொல்லத் தோன்றும். கவர்ச்சியான விளக்கம் இது. ஆனால் பதினோராம் நூற்றாண்டின் சைவ ஆகமச் சிந்தனையையும் நம் காலத்து வினா விடைப் புத்தகத்தையும் இணைக்கும் கண்ணிகள் நம்மிடம் இல்லாததால், இதை ஒரு பொருத்தமாக மட்டும் ஏற்று நிறுத்திக்கொள்கிறேன்.

தமிழின் மற்றொரு மரபு இதற்கு நேர் எதிராக நிற்கிறது. நம் இலக்கியத்தில் நிழல் என்பது அருள். அரசனின் வெண்கொற்றக் குடை நிழலில் குடிகள் வாழ்ந்தார்கள். இறைவனின் திருவடியை அப்பர் பாடியபோது, அதை நிழல் என்றே கண்டார். வெயில் மிகுந்த நிலத்தில் நிழல் தராத மரத்தை யாரும் போற்றுவதில்லை. அந்த மரபில் வந்த ஒரு சமூகம், தன் மிகப் பெரிய கோயிலைப் பற்றி 'இதற்கு நிழல் இல்லை' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. புராணத்தின் அதிசயம் பக்தியின் அருளை இங்கே வென்றுவிட்டது. நல்கொண்டா அருகே பானகல் என்னும் ஊரில் சாயா சோமேசுவரர் கோயில் இருக்கிறது; அங்கே ஒரு தூணின் நிழல் நாள் முழுதும் இலிங்கத்தின் மேல் விழுந்துகொண்டே இருப்பதை மக்கள் வியக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் நிழலைத் தேடிக் குனிந்து பார்க்கக் கற்கிறார்கள். நாங்கள் அண்ணாந்து பார்க்கக் கற்றோம்.

குழந்தையின் பக்கமிருந்தும் ஒரு காரணம் உண்டு. ழான் பியாஜே 1927இல் வெளியிட்ட நூலில் குழந்தைகள் நிழலை எப்படி விளக்குகிறார்கள் என்பதற்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சிறு பிள்ளைகளுக்கு நிழல் என்பது பொருளிலிருந்து வெளிவரும் ஒரு வஸ்து. இருட்டிலும் அது எங்கோ இருக்கும். ஒளி மறைக்கப்படுவதால் உண்டாகும் இன்மையே நிழல் என்ற புரிதல் ஒன்பது வயதை ஒட்டித்தான் வருகிறது என்று அவர் கண்டார். அவர் பார்த்தது ஐரோப்பியக் குழந்தைகளை. வயதுக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த வேண்டியதில்லை. ஆனால் வரிசை பொருந்துகிறது. நிழல் பொருளுக்குச் சொந்தமான வஸ்து என்றால், ஒரு மகத்தான பொருள் தன் நிழலை வெளிவிடாமல் வைத்துக்கொள்ளவும் முடியுமல்லவா? ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற அறிவியல் பாடமும் நிழல் விழாத கோயிலும் அந்த வயதில் ஒரே பையில், ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. எங்கள் வகுப்பில் யாரும் இரண்டையும் எடுத்து அருகருகே வைக்கவில்லை. வைக்கும்படி எங்களிடம் யாரும் சொல்லவுமில்லை.

6. ஒற்றைக் கல், சாய்தளம், 247

நிழல் கதை தனியாக வாழவில்லை. அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. உச்சிச் சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது ஒன்று. அதை ஏற்றச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு மண் சாய்தளம் அமைத்தார்கள் என்பது மற்றொன்று. சிகரம் பல கற்களை இணைத்துக் கட்டியது என்று கட்டடக்கலை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சாய்தளத்தைக் கணக்கிட்டே சோதிக்கலாம். ஆறு கிலோமீட்டர் நீளம், முடிவில் 60 மீட்டர் உயரம், அகலம் வெறும் 10 மீட்டர், பக்கச் சரிவு இல்லவே இல்லை என்று வைத்தாலும் 18 லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். எடையில் அது சுமார் முப்பது லட்சம் டன் ஆகும். கோயிலின் கல் எடை என்று வழக்கமாகச் சொல்லப்படும் 1,30,000 டன்னைப் போல் இருபது மடங்குக்கு மேல். கோயிலைக் கட்டுவதைவிடச் சாய்தளத்தைக் கட்டுவது பெரிய வேலையாகியிருக்கும். விமானத்தை ஒட்டியே சாரமும் சுற்றுப்பாதையும் அமைத்திருப்பார்கள் என்ற கருத்து எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. சாரப்பள்ளம் என்ற பெயரில் உள்ள 'சாரம்' என்ற சொல்லும் அதற்கு இடம் தருகிறது.

அண்மைக் காலத்தில் பிறந்த உடன்பிறப்பு ஒன்றைப் பற்றிக் கவலையோடு சொல்ல வேண்டும். விமானம் 216 அடி, அது உயிர்மெய் எழுத்துகளின் எண். இலிங்கம் 12 அடி, அது உயிர். பீடம் 18 அடி, அது மெய். இலிங்கத்துக்கும் நந்திக்கும் இடையே 247 அடி, அது மொத்தத் தமிழ் எழுத்து. இந்தச் செய்தி பிள்ளைகளின் பேச்சுப்போட்டிகளில் இடம்பிடித்துவிட்டது. இதை மறுக்க ஏணி வைத்து அளக்க வேண்டியதில்லை. அடி என்று இன்று நாம் சொல்லும் அளவு ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைபெற்றது. இராஜராஜனின் கல்வெட்டுகள் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல், தோரை என்ற அளவுகளில் சொல்கின்றன. கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்ததாகவும் குறிப்பிடுகின்றன. தமிழ் எழுத்தின் எண்ணை ஆங்கில அளவில் ஒளித்துவைக்கச் சோழத் தச்சனால் முடியாது. தமிழுக்குப் பெருமை தேடிப் போய், தமிழனின் சொந்த அளவுகோலையே மறந்துவிட்டோம். பொன்னை எடைபோட்ட கல்லுக்கு ஆடவல்லான் என்று நடராசனின் பெயர் வைத்திருந்தார்கள் என்பதை அந்தப் பேச்சுப்போட்டிகளில் யாராவது சொன்னால் எத்தனை நன்றாக இருக்கும்!

7. கதை மறைத்த பெயர்கள்

இந்தக் கதைகள் எல்லாம் ஏன் கட்டடத்தின் மேலேயே சுற்றுகின்றன, கட்டிய மனிதர்கள் பக்கம் ஏன் திரும்பவில்லை? வரலாற்றில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதே பொதுவில் மறந்துபோயிருந்தது. தலபுராணமான பிரகதீசுவர மாகாத்மியம் கரிகால் சோழன் தன் நோய் தீரக் கட்டியதாகக் கதை சொன்னது. 1886ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசுக் கல்வெட்டாய்வாளர் ஹுல்ஷ் சுவர்களைப் படித்தபிறகே இது இராஜராஜன் எடுப்பித்த இராஜராஜீச்சரம் என்பது ஐயமறத் தெரிந்தது. கட்டியவனை மறந்த சமூகத்துக்கு மிஞ்சுவது வியப்பு மட்டும்தான். மனிதக் கை தெரியாதபோது தெய்வக் குறிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. 1886க்குப் பிறகு பெயர் திரும்பக் கிடைத்தது. ஆனால் அது அரசனின் பெயராக மட்டும் பாடநூலுக்குள் வந்தது. மற்றப் பெயர்கள் சுவரிலேயே நின்றுவிட்டன.

அந்தப் பெயர்களின் செல்வத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயர் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்கள் ஒவ்வொன்றாக இருக்கின்றன; இன்னாள் எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடுகள் கிழடாகிச் செத்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் இடையர் காக்க வேண்டும் என்பதால் அவை சாவதில்லை, மூப்பதில்லை. பத்து வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஆடுகள் என் கனவில் மேய்ந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதிசயத்துக்குப் பிள்ளை ஏங்குகிறது என்பது உண்மைதான். அந்த ஏக்கத்துக்கு உணவு சுவரிலேயே இருந்தது.

விமானத்தின் உட்சுற்றில் இன்னொன்று உண்டு. கீழ்த்தளத்தின் இருட்டுச் சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழ ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதற்கு மேல்தளத்தில் நாட்டியத்தின் 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி, 81 முடித்திருக்கிறார்கள். மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு அறிஞர்கள் பலவாறு விடை தேடியிருக்கிறார்கள். எனக்கு அந்த வெற்றுக் கற்கள் இக்கோயிலின் மிக மனிதத்தன்மை வாய்ந்த பகுதி. நிழல் விழாத கோயில் பிழையற்றது, முடிந்தது, தேவர்களுடையது. வெறுமையான 27 கற்கள் உள்ள கோயிலில் யாரோ ஒருவர் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கற்களைக் காட்டி, அடுத்த கரணம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு பிள்ளையை வரையச் சொல்லலாம். நிழல் கதை அப்படி எதையும் கேட்பதில்லை. வியக்கச் சொல்கிறது, அதோடு வாயை அடைத்துவிடுகிறது. அதன் மேல் எனக்குள்ள மனக்குறை அதன் பொய்யைவிட இதுதான்.

எங்கள் ஆசிரியர்மீது எனக்கு வருத்தமில்லை. தன் சம்பளத்திலிருந்து போட்டு இரண்டு பிள்ளைகளுக்கு அன்று பேருந்துக் கட்டணம் கொடுத்தவர் அவர். தன் பிள்ளைப்பருவத்தில் தனக்குக் கிடைத்த மிக நல்ல பொருளை எங்களுக்குக் கொடுத்தார். அதைவிட நல்லதை அவர் கையில் யாரும் கொடுத்திருக்கவில்லை.

8. மார்கழி நண்பகல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கணக்கைச் சரிபார்ப்பதற்காகவே மார்கழி நடுவில் தஞ்சாவூர் போனேன். கடிகாரத்தில் பன்னிரண்டேகால் மணியை ஒட்டித்தான் அங்கே சூரியன் உச்சிக்கு வரும். விமானத்தின் வடபுறத்தில், அதே காலத்தில் கட்டிய சண்டிகேசுவரர் சன்னிதி தனியாக நிற்கிறது. கோயிலின் கணக்குக்குப் பொறுப்பானவர் அவர். கல்வெட்டுகளின்படி கோயில் பணம் ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கப்பட்டது இவர் பெயரில்தான்; காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றும் வணங்க வருகிறவர்கள் எதையும் எடுத்துப்போகவில்லை என்று காட்ட இவர் முன்னால் கையைத் தட்டி விரித்துக் காட்டுகிறார்கள்.

நான் போனபோது நிழல் அங்கே ஏறியிருந்தது. சூடு தாங்காமல் செருப்பில்லாத கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக் கூட்டம் வெயிலைக் கடந்து ஓடிவந்தது. நிழலின் விளிம்பைத் தொட்டதும் நின்றார்கள். ஒரு சிறுமி மட்டும் குனிந்து, இருளும் வெயிலும் பிரியும் கோட்டில் தன் பெருவிரலை வைத்து, அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.